மாற்றத்தை ஏற்கத் தயங்குவோர்: பைஜாமா ஆலை முதல் வங்கி லெட்ஜர் வரை

நிறுவனத்தில் வேலை செய்யும் முறை மாறும்போது அதை ஏற்கத் தயங்குவோரைப் பற்றி நிர்வாகங்கள் நெடுங்காலமாக இரண்டு விளக்கங்களை வைத்திருந்தன. மனிதர்கள் பழக்கத்துக்கு அடிமைகள், புதியது எதுவானாலும் வெறுப்பார்கள் என்பது ஒன்று. மாற்றத்தின் நன்மை அவர்களுக்கு இன்னும் புரியவில்லை என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தை நம்பியவர்கள் ஆணை பிறப்பித்தார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் சுற்றறிக்கை அனுப்பினார்கள், கூட்டம் கூட்டி விளக்கிச் சொன்னார்கள். இரண்டு வழிகளும் ஏன் பலன் தரவில்லை என்பதை 1940-களிலிருந்து தொழிற்சாலைகளுக்குள்ளேயே நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டின. தயங்கும் ஊழியர் பெரும்பாலும் விவரம் தெரிந்தவர். மாற்றத்தால் தன் கையைவிட்டுப் போவது எது என்பதை, அந்த மாற்றத்தைத் திட்டமிட்டவரைவிட அவர் நன்றாக அறிவார். அந்த இழப்பைப் பற்றிப் பேசாமல் நன்மையை மட்டும் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அவர் மனம் இளகுவதில்லை.

மேரியன் நகரத்துப் பைஜாமா ஆலை

இத்துறையின் முதல் பெரிய சான்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற சிறு நகரத்தில் இருந்த ஹார்வுட் ஆடை ஆலையில் கிடைத்தது. பைஜாமா தைக்கும் ஆலை அது. ஏறத்தாழ 500 பெண்களும் 100 ஆண்களும் அங்கே வேலை செய்தார்கள். சராசரி வயது 23. பெரும்பாலோர் சுற்றிலுமிருந்த மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். எட்டாம் வகுப்பு அளவில் படித்தவர்கள். அதற்கு முன் ஆலை வேலை பார்த்து அறியாதவர்கள். ஆலையின் தலைவர் ஆல்ஃபிரட் மாரோ உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் ஜெர்மனியைவிட்டு வெளியேறி அமெரிக்காவில் குடியேறிய உளவியலாளர் குர்ட் லெவினுக்கும் அவருடைய மாணவர்களுக்கும் தம் ஆலையை ஆய்வுக்களமாகத் திறந்துவிட்டார். அங்கே லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் நடத்திய சோதனையின் அறிக்கை 1948-இல் ‘ஹியூமன் ரிலேஷன்ஸ்’ இதழில் வெளிவந்தது.

ஆலையில் பீஸ் ரேட் கூலி. மணிக்கு 60 அலகு முடிப்பவர் தேறியவர் என்று கருதப்பட்டார். அந்த எண்ணிக்கையைத் தொட ஒரு புதிய தொழிலாளிக்குப் பல வாரங்கள் பிடிக்கும். தொட்டுவிட்டால் கூலியோடு மதிப்பும் கூடும். ஆனால் சந்தையில் ஆடை ரகம் மாறும்போதெல்லாம் வேலையும் மாறியது. வேறு வேலைக்கு மாற்றப்பட்டவர்களுக்கு ஆலை மாற்றப் படியும் கொடுத்தது. சராசரி வேகத்தில் புதிய வேலையைக் கற்றுக்கொண்டால் வருமானத்தில் இழப்பு வராதபடி அந்தப் படி கணக்கிடப்பட்டிருந்தது. அப்படியும் மாற்றம் என்றாலே வெறுப்புதான். மாற்றப்பட்ட பல நூறு அனுபவசாலிகளின் பதிவேடுகளைக் கோச்சும் ஃபிரெஞ்சும் ஆராய்ந்தபோது, பழைய 60 அலகை மறுபடி எட்டியவர்கள் 38 விழுக்காட்டினர் மட்டுமே என்று தெரிந்தது. மற்ற 62 விழுக்காட்டினர் நிரந்தரமாகப் பின்தங்கினார்கள் அல்லது வேலையைவிட்டே போனார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் கற்கும் வேகத்தைவிட இந்த அனுபவசாலிகள் மறுபடி கற்கும் வேகம் குறைவாக இருந்தது. கை பழகாததுதான் காரணம் என்றால் இப்படி நடக்க வழியில்லை. நேற்றுவரை தேறிய தொழிலாளியாக இருந்தவர் இன்று கற்றுக்குட்டி வரிசையில் நிற்கிறார். பழைய நிலைக்குத் திரும்புவோம் என்ற நம்பிக்கையும் போய்விடுகிறது. பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு அது.

சோதனைக்காகத் தொழிலாளர்கள் பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் குழுவில் இஸ்திரி போடுவோர் 18 பேர். தேய்த்த துணிகளை அரை டஜன் வீதம் அட்டைமேல் அடுக்கிவந்தவர்கள் இனி அவற்றைப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும், மாற்றம் அவ்வளவுதான். இந்தக் குழுவுக்கு ஆலையின் வழக்கமான முறையே பின்பற்றப்பட்டது. கூட்டம் கூட்டினார்கள், போட்டி அதிகமாகிவிட்டதால் மாற்றம் தேவை என்றார்கள், புதிய ரேட் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை நேரக் கணக்கு எடுப்பவர் விளக்கினார், கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள், அனுப்பிவைத்தார்கள். நாகரிகமான முறைதான். இன்றும் பெரும்பாலான நிறுவனங்கள் இதற்குமேல் செய்வதில்லை.

இரண்டாவது குழுவில் துணி மடிப்போர் 13 பேர். செலவைக் குறைக்க வேண்டிய நிலைமையை அவர்களுக்குக் கண்ணால் காட்டினார்கள். ஒரே மாதிரியான இரண்டு ஆடைகள் மேசைமேல் வைக்கப்பட்டன. ஒன்று 1946-இல் தயாரானது. மற்றொன்று 1947-இல் தயாராகி அதன் பாதி விலைக்கு விற்றது. எது மலிவானது என்று கேட்டபோது யாராலும் சொல்ல முடியவில்லை. விலை ஏன் குறைய வேண்டியிருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு குழு தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் புதிய முறையை முதலில் கற்று, ரேட் நிர்ணயத்தில் உதவி, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

மூன்றாவது, நான்காவது குழுக்களில் முறையே 8 பேரும் 7 பேரும் இருந்தார்கள். திருப்பூர் ஆலைகளில் பிசிறு வெட்டுதல், செக்கிங் என்று சொல்லும் வேலை அவர்களுடையது. ஆடை முழுவதும் பிசிறு வெட்டி ஒவ்வொரு தையலையும் பார்த்துவந்தவர்கள், இனிச் சில இடங்களில் மட்டும் பிசிறு எடுத்தால் போதும். ஆள் குறைவாக இருந்ததால் இங்கே பிரதிநிதிகள் வைக்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்து புதிய வேலையை வடிவமைத்தார்கள். குறிப்பெடுக்க வந்தவர் எழுதி முடிக்கத் திணறும் அளவுக்கு யோசனைகள் வந்தன. பேச்சில் ‘நம்ம வேலை’, ‘நம்ம ரேட்’ என்ற சொற்கள் புழங்கத் தொடங்கியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

முதல் குழுவின் உற்பத்தி விழுந்தது, எழவே இல்லை. மேற்பார்வையாளரோடு சண்டை, வேண்டுமென்றே வேலையைக் குறைத்தல் என்று பகை வளர்ந்தது. 40 நாட்களுக்குள் 17 விழுக்காட்டினர் வேலையைவிட்டு நின்றுவிட்டார்கள். புதிய ரேட் அநியாயம் என்று புகார் கொடுத்தார்கள். சரிபார்த்தபோது அது தொழிலாளர்களுக்குச் சற்றுச் சாதகமாகவே இருந்தது. பிரதிநிதிகள் வைத்த குழு 14 நாட்களில் மணிக்கு 61 அலகை எட்டியது. எல்லோரும் கலந்துகொண்ட இரண்டு குழுக்களும் முதல் நாள் சற்றே சரிந்து, உடனே மீண்டு, பழைய அளவைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு மேலே போயின. இந்த மூன்று குழுக்களிலும் 40 நாட்களில் ஒருவர்கூட நிற்கவில்லை.

இரண்டரை மாதங்களுக்குப் பிறகு நடந்ததுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி. முதல் குழுவில் எஞ்சியிருந்த 13 பேரை மறுபடி ஒன்றுசேர்த்து, இம்முறை எல்லோரும் கலந்துபேசும் முறையில் வேறொரு வேலைக்கு மாற்றினார்கள். அவர்களும் வேகமாகக் கற்று, பழைய அளவைத் தாண்டினார்கள். முரண்டு பிடிப்பவர்கள் என்று பெயர் வாங்கியிருக்கக்கூடிய அதே ஆட்கள். மாறியது அவர்கள் நடத்தப்பட்ட முறை.

அழுத்தமும் தடையும்

இதற்கான கோட்பாட்டை லெவின் முன்பே உருவாக்கியிருந்தார். ஓர் ஆலையின் உற்பத்தி ஒரே அளவில் நிற்கிறது என்றால் அங்கே எதுவும் நடக்கவில்லை என்று பொருளாகாது. அதை மேலே தள்ளும் விசைகளும் கீழே அழுத்தும் விசைகளும் சமமாக இருக்கின்றன என்பதே பொருள். கூலி ஆசை, மேற்பார்வையாளரின் கண்டிப்பு ஆகியவை ஒரு பக்கம். களைப்பு, அதிகம் செய்தால் ரேட்டைக் குறைப்பார்களோ என்ற அச்சம், சக தொழிலாளர்களின் முணுமுணுப்பு ஆகியவை மறுபக்கம். மேலே தள்ளும் விசையைக் கூட்டினாலும் அளவு உயரும். கீழே அழுத்தும் விசையைக் குறைத்தாலும் உயரும். ஆனால் முதல் வழியில் இறுக்கம் கூடும். சண்டை, விடுப்பு, வேலையைவிட்டுப் போதல் என்று அது வேறெங்காவது வெடிக்கும். ஆகவே தடை எதுவென்று கண்டு அதைத் தளர்த்துவதே நல்ல வழி என்றார் லெவின். நிர்வாகவியலில் இதைவிடப் பயனுள்ள கருத்துகள் மிகச் சிலவே.

தனி மனிதரைவிடக் குழுவை மாற்றுவது எளிது என்பதும் அவர் கண்டதுதான். இரண்டாம் உலகப் போர்க்கால இறைச்சித் தட்டுப்பாட்டின்போது, அமெரிக்க இல்லத்தரசிகள் ஒதுக்கிவந்த இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்பு இறைச்சிகளைச் சமைக்கச் செய்ய முடியுமா என்று சோதித்தார். சொற்பொழிவு கேட்ட குழுக்களில் 3 விழுக்காட்டினர் சமைத்தார்கள். தங்களுக்குள் பேசி, கையுயர்த்தி முடிவெடுத்த குழுக்களில் 32 விழுக்காட்டினர் சமைத்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் எடுத்த முடிவு மனிதரைக் கட்டிப்போடுகிறது.

ஆயினும் ஹார்வுட் முடிவுகளை எங்கும் செல்லுபடியாகும் சூத்திரமாக எடுத்துக்கொள்வது தவறு. குழுக்கள் சிறியவை, ஒவ்வொன்றின் வேலையும் வேறு, சில குழுக்களுக்கு மாற்றமே எளிதாக இருந்திருக்கலாம். வேலை மாற வேண்டுமா என்ற கேள்வி தொழிலாளர்கள் முன் வைக்கப்படவே இல்லை. எப்படி மாற வேண்டும் என்பது மட்டுமே வைக்கப்பட்டது. ஃபிரெஞ்ச் தம் சகாக்களோடு நார்வேயின் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதே முறையைச் சோதித்து 1960-இல் வெளியிட்ட ஆய்வில், உற்பத்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பங்கேற்பு பலன் தர, தொழிலாளர்களுக்குத் தரப்படும் பங்கு அவர்கள் பெரிதாகக் கருதும் விஷயங்களைத் தொட வேண்டும், அப்படிப் பங்கேற்பது முறைதான் என்று அவர்களே கருதவும் வேண்டும். தொழிற்சங்கம் வலுவாக உள்ள நாட்டில் அது சங்கத்தின் வழியாக வருவதே முறை என்று தொழிலாளர்கள் நினைப்பார்கள்.

தயக்கம் சொல்லும் செய்தி

சில மாற்றங்கள் எதிர்க்கப்பட வேண்டியவையே. பிரிட்டனில் கையால் நிலக்கரி வெட்டிய காலத்தில், இருவர் மூவராகச் சேர்ந்த சிறு குழுக்கள் தங்கள் கூட்டாளிகளைத் தாங்களே தேர்ந்துகொண்டு, வெட்டுவது முதல் அள்ளுவதுவரை முழு வேலையையும் செய்தன. இயந்திரங்கள் வந்தபின் நீண்ட சுவர் முறை புகுத்தப்பட்டது. 40, 50 பேர் மூன்று ஷிப்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு ஷிப்டும் வேலையின் ஒரு துண்டை மட்டும் செய்யும் ஏற்பாடு அது. முந்தைய ஷிப்டு அரைகுறையாக விட்டுப்போனதை இருட்டிலும் தூசியிலும் அடுத்த ஷிப்டு சுமக்க வேண்டியிருந்தது. வேலைக்கு வராமை பெருகியது. ஒருவர்மேல் ஒருவர் பழிபோடுவது வழக்கமாகியது. எரிக் டிரிஸ்ட், தாமே சுரங்கத் தொழிலாளியாக இருந்த கென் பாம்ஃபோர்த் இருவரும் 1951-இல் எழுதிய கட்டுரை இதை ஆராய்ந்தது. பழைய சிறு குழுக்கள் அபாயத்தைப் பகிர்ந்து தாங்கும் அமைப்பாக இருந்தன. புதிய முறை இயந்திரத்தை மட்டும் கணக்கிட்டு அந்த அமைப்பை உடைத்துவிட்டது. சுரங்கத் தொழிலாளர்களின் முறைப்பாடு, வடிவமைப்பில் இருந்த குறையைச் சரியாகச் சுட்டியது. ஹார்வர்டின் பால் லாரன்ஸ் 1954-இல் இதே கருத்தை வேறு சொற்களில் வைத்தார்: ஊழியர்கள் தொழில்நுட்ப மாற்றத்தை அவ்வளவாக எதிர்ப்பதில்லை, அதோடு சேர்ந்து வரும் உறவு மாற்றத்தைத்தான் எதிர்க்கிறார்கள்.

எதிர்ப்பவர் வாயை அடைப்பதில் வல்ல நிர்வாகம், தன் திட்டத்தின் ஓட்டைகளைச் செலவில்லாமல் சொல்லக்கூடிய ஒரே ஆளை இழக்கிறது.

இந்திய வங்கிகளில் கணினி

இந்தியாவில் இந்தக் கேள்வி மிகப் பெரிய அளவில் எழுந்தது வங்கிகளிலும் ஆயுள் காப்பீட்டிலும்தான். 1960-களில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் இலாக்கோ ஹவுஸ் கட்டடத்துக்குள் கணினி நுழையாதபடி ஊழியர்கள் இரவும் பகலும் காவல் இருந்தார்கள். படித்த இளைஞர்கள் வேலையில்லாமல் அலைந்த காலம் அது. நூறு பேர் வேலையை ஓர் இயந்திரம் செய்யும் என்ற செய்தி அச்சமூட்டியதில் வியப்பில்லை.

வங்கிக் கிளையில் என்ன மாறவிருந்தது என்பதைக் கிட்டத்தில் பார்த்தால் தயக்கத்தின் காரணம் விளங்கும். லெட்ஜர் பிரிவு எழுத்தர், வரும் செலானையும் செக்கையும் கனமான பேரேட்டில் உரிய பக்கத்தைப் புரட்டிப் பதிவார். இருப்பை மனக்கணக்காகக் கூட்டிக் கழிப்பார். அதிகாரி சரிபார்த்துச் சுருக்கொப்பமிடுவார். அவ்வப்போது பேரேடுகளைப் பேலன்ஸ் செய்ய வேண்டும். சில பைசா உதைத்தாலும் அது எங்கே என்று தேடி இரவு எட்டு, ஒன்பது மணிவரை உட்கார்ந்திருப்பார்கள். அரையாண்டு வட்டிக் கணக்கு வந்தால் கேட்கவே வேண்டாம். இந்த வேலையில் கெட்டிக்காரர் என்று ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் இருப்பார். வித்தியாசத் தொகையைப் பார்த்த மாத்திரத்தில், எண்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கின்றன என்று சொல்லிவிடுவார். மேலாளரே அவரிடம் தணிந்து பேசுவார். கணினி வந்தால் அந்தத் திறமை ஒரே நாளில் விலை போகாததாகிவிடும். ஹார்வுட் ஆலையின் 60 அலகுத் தொழிலாளியின் நிலைதான் இவருக்கும்.

வங்கிகள் கணினி மாற்றத்தை ஆணையால் சாதிக்கவில்லை, ஒப்பந்தத்தால் சாதித்தன. இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் முதலான ஊழியர் அமைப்புகளுக்கும் இடையே 1983 செப்டம்பர் 8-இல் இயந்திரமயம் குறித்த உடன்பாடு கையெழுத்தானது. ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையில் வங்கிக் கணினிமயத்தை ஆராய்ந்த குழு 1984-இல் முதல் அறிக்கையையும் 1989-இல் இரண்டாவது அறிக்கையையும் அளித்தது. 1987-இலும் 1993-இலும் அடுத்தடுத்த உடன்பாடுகள் வந்தன. எவ்வகை இயந்திரம், எந்த அளவு வேலை நடக்கும் கிளையில், அதை இயக்குபவருக்கு என்ன சிறப்புப் படி என்பவை பேசித் தீர்மானிக்கப்பட்டன. முதலில் வந்தவை ஏ.எல்.பி.எம். எனப்பட்ட தனித்தனி லெட்ஜர் பதிவு இயந்திரங்கள். பேரேட்டு வேலையை அவை வாங்கிக்கொண்டாலும் பிரிவின் அமைப்பை அப்படியே விட்டுவைத்தன. கையால் எழுதிய லெட்ஜரும் இயந்திரமும் சிறிது காலம் அருகருகே ஓடின. இரண்டின் கணக்கும் ஒத்துப்போவதைத் தம் கண்ணாலேயே பார்த்தபின் எழுத்தருக்குப் பயம் தெளிந்தது. ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்து, கிளைக்குள்ளேயே புதிய கெட்டிக்காரர்கள் உருவானார்கள்.

இவ்வளவு நிதானம் தேவையா என்ற விமர்சனம் நியாயமானது. வேகம் பிடித்தது வெளி நெருக்குதலால்தான். 1990-களில் புதிய தனியார் வங்கிகள் கணினியோடேயே பிறந்து போட்டிக்கு வந்தன. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர் என். விட்டல், 2001 ஜனவரி 1-க்குள் தங்கள் வணிகத்தில் 70 விழுக்காட்டைக் கணினிக்குக் கொண்டுவரும்படி பொதுத்துறை வங்கிகளுக்கு 1998-இல் ஆணையிட்டார். ஆனால் அந்த ஆணை 1970-இல் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இலாக்கோ ஹவுஸ் சொல்கிறது. பதினைந்து ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக இயந்திரத்தோடு பழகிய ஊழியர்கள் இருந்ததால்தான் 1998-இன் ஆணை நிறைவேறியது.

சொல்லும் முறை

எல்லா மாற்றத்தையும் பேசித் தீர்மானிக்க நேரம் இருக்காது. எல்லா இழப்பையும் ஈடுகட்டப் பணமும் இருக்காது. அப்போதும் சொல்லும் முறை விளைவை மாற்றுகிறது. ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஒரே அமெரிக்க நிறுவனத்தின் மூன்று ஆலைகளில் இரண்டில், ஆர்டர் இழப்பால் 10 வாரங்களுக்குச் சம்பளம் 15 விழுக்காடு குறைக்கப்பட்டது. ஓர் ஆலையில் நிறுவனத் தலைவரே வந்து ஏறத்தாழ 90 நிமிடம் கணக்குகளைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். மற்றதில் ஒரு துணைத்தலைவர் 15 நிமிடத்தில் முடித்துக்கொண்டார். வெட்டு இரண்டிலும் ஒன்றே. ஆனால் பொருள்கள் திருட்டுப்போவதும் ஊழியர்கள் வேலையைவிட்டு நிற்பதும் இரண்டாவது ஆலையில் மிக அதிகமாயின.

ஹார்வுட்டின் இஸ்திரிக் குழுவுக்கும் விளக்கம் சொல்லப்பட்டதே, அது ஏன் பலிக்கவில்லை என்ற கேள்வி இங்கே எழலாம். 90 நிமிடக் கூட்டத்தில் தலைவர் இழப்பை இழப்பு என்றே ஒப்புக்கொண்டார். இஸ்திரிக் குழுவுக்குக் கிடைத்தது ரேட் கணக்கு மட்டுமே.

விளக்கம் தலைமையகத்திலிருந்து வந்தாலும், அதை நாள்தோறும் காப்பாற்றவோ கெடுக்கவோ கூடியவர் நடுவிலிருக்கும் மேற்பார்வையாளர்தான். மாற்றத் திட்டங்கள் பலவும் கவிழும் இடம் இது. ஊழியரின் கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பவர் அவர். தம் அதிகாரம் குறையுமோ என்று அஞ்சுபவரும் அவரே. ஊழியருக்குச் சொல்வதற்கு முன் அவருடைய தயக்கம் தீர்க்கப்பட வேண்டும். அதேபோல், முடிவை எடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பதுபோல் நடிப்பது, கேட்காமலே இருப்பதைவிடக் கெடுதல். 1979-இல் ஜான் கோட்டரும் லியோனார்ட் ஷ்லெசிங்கரும் எதிர்ப்பைக் கையாளும் வழிகளை வகைப்படுத்தியபோது, தந்திரத்தால் இணங்கவைப்பதையும் ஒரு வழியாகக் குறித்து, ஏமாற்றப்பட்டோம் என்று உணர்பவர்களின் எதிர்ப்பு முன்பைவிடக் கடுமையாகும் என்று எச்சரித்தார்கள். எது முடிவாகிவிட்டது, எது இன்னும் திறந்திருக்கிறது என்பதை முதல் நாளே பிரித்துச் சொல்லிவிடுவது நேர்மை மட்டுமல்ல, பயனும் தரும்.

இத்தனைக்கும் பிறகு சிலர் ஏற்கவே மாட்டார்கள். அவர்களுக்கு மதிப்போடு விலகும் வழி இருக்க வேண்டும். பொதுத்துறை வங்கிகள் 2000–01-இல் கொண்டுவந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விலகினார்கள். மொத்த ஊழியர்களில் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கணினி வந்தால் ஆள் குறையும் என்று சங்கங்கள் அஞ்சியது முழுப் பொய்யாகவில்லை. ஆனால் யாரும் கதவடைத்து வெளியேற்றப்படவில்லை. விலகியவர்கள் ஓய்வுக்காலப் பலன்களோடு போனார்கள், எஞ்சியவர்கள், எல்லாக் கிளைகளின் கணக்கையும் ஒரே கணினி அமைப்பில் இணைக்கும் கோர் பேங்கிங் முறைக்கு மாறினார்கள்.